லெய்ஃபா, ஹால்ஃப்டானா?

இந்த இரண்டு பெயர்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டும் வைக்கிங்குகள் எனும் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் காலத்திலிருந்து வரும் ஆண் பெயர்கள். அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் லெய்ஃப் என்றால் வாரிசு, வழித்தோன்றல். ஹால்ஃப்டான் என்றால் 'பாதி டேனியன்'. அப்பா, அம்மாவில் ஒருவர் டென்மார்க்காரர் என்பதை அப்படியே பெயராக்கிவிட்டார்கள்!

லெய்ஃபை உலகுக்குத் தெரியும். கி.பி. 1000 வாக்கில் வட அமெரிக்கக் கரையில் இறங்கிய லெய்ஃப் எரிக்சன் நினைவாக அமெரிக்காவில் அக்டோபர் 9 கொண்டாடப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நார்வே, சுவீடனில் தெருவுக்கொரு லெய்ஃப் இருந்திருப்பார். இன்று அது தாத்தா பெயர். ஆங்கிலேயர் வாயில் 'லீஃப்' ஆகி, இலையாகிவிடும் தொல்லையும் உண்டு.

ஹால்ஃப்டான் அந்த அளவுக்கு எப்போதுமே புழங்கியதில்லை. ஆனால் கதை அதற்குத்தான் அதிகம். நார்வேயை ஒன்றிணைத்த மன்னர் ஹரால்டின் தந்தை 'கருப்பு' ஹால்ஃப்டான். உறைந்த ஏரியில் பனி உடைந்து மூழ்கிப்போனார். உடலை எங்கள் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்று ஊர்கள் போட்டியிட, நான்காகப் பிரித்துப் புதைத்ததாகச் சாகா எனும் பழைய வீரக்கதை சொல்கிறது. அப்புறம், இஸ்தான்புல்லின் பழைய தேவாலயமான ஹாகியா சோபியாவில், பளிங்குக் கைப்பிடிச் சுவரில் யாரோ ஒரு ஹால்ஃப்டான் தன் பெயரை ரூன் எனும் வைக்கிங் கால எழுத்தில் கீறி வைத்திருக்கிறான். நம் கோயில் தூண்களில் பெயர் கிறுக்குபவர்களின் மூதாதை!

நம் பக்கத் தொடர்பும் இதற்கு உண்டு. 1973 முதல் 1988 வரை உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்த ஹால்ஃப்டான் மாலர், அதற்கு முன் 1950களில் இந்தியாவில் காசநோய் ஒழிப்புப் பணியில் இருந்தவர்.

கூப்பிடச் சுலபம் லெய்ஃப்தான், சரி. என் ஓட்டு ஹால்ஃப்டானுக்கு.