ஹார்டி அல்லி: சேலத்துத் தொட்டியிலும் ஏற்காட்டுக் குட்டையிலும் வளர்த்த அனுபவம்

சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில், சித்தப்பாவின் காப்பித் தோட்டத்து வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் விரித்த ஒரு குட்டை இருக்கிறது. இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். உயரத்தில் ஏறத்தாழ 1,200 மீட்டர் வித்தியாசம். பல வகை ஹார்டி அல்லிகளின் (குளிர் தாங்கும் அல்லிகளின்) கிழங்கை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை இங்கும் மறு துண்டை அங்கும் வைத்துச் சில ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். அதனால் "ஹார்டி அல்லி மலைக்குத்தான் ஏற்றது, சேலம் வெயிலுக்குத் தாங்காது" என்று யாராவது சொன்னால், பாதிதான் சரி என்பேன். மலையில் செடி சுகமாக இருக்கிறது, பூ குறைகிறது. சேலத்தில் பூ கொட்டுகிறது, செடி சித்திரையில் தவிக்கிறது. எந்த வகையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புதியவர்களுக்கு ஒரு விளக்கம். நம் ஏரி குளங்களில் தானாக முளைக்கும் அல்லியும் நீலாம்பலும் வெப்பமண்டல வகைகள். அவற்றின் பூ தண்ணீருக்கு மேலே காம்பு நீட்டி நிற்கும். சில வகைகள் இரவில்தான் மலரும். ஹார்டி வகைகள் குளிர்நாட்டு அல்லிகளின் வழிவந்தவை. குளத்தின் மேற்பரப்பு உறைந்தாலும் அடிமண்ணில் கிழங்கு உயிரோடு கிடந்து, வசந்தத்தில் துளிர்க்கும். பூ பெரும்பாலும் தண்ணீரின் மேல் படிந்தே மிதக்கும். காலையில் வெயில் ஏறியதும் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். இப்படி மூன்று நான்கு நாட்கள். முதல் நாள் பூவின் நடுவே தேன்போல ஒரு திரவம் தேங்கி நிற்கும். அன்று அது பெண் பூ. மறுநாளிலிருந்து மகரந்தம் உதிர்க்கத் தொடங்கும்.

ஐரோப்பாவில் குளிர் தாங்கும் அல்லி என்றால் ஒரு காலத்தில் வெள்ளை மட்டும்தான். 1875இல் பிரான்சில் பண்ணை தொடங்கிய லத்தூர் மார்லியாக் என்பவர்தான் கலப்பினம் செய்து மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு என்று வண்ணங்களைக் கொண்டுவந்தார். 1889 பாரிஸ் கண்காட்சியில் அவர் வைத்த செடிகளைப் பார்த்து மயங்கியவர்களில் ஓவியர் மோனேயும் ஒருவர். அல்லி ஓவியங்களால் புகழ்பெற்ற அவருடைய குளத்துக்கு மார்லியாக்கின் பண்ணையிலிருந்தே செடிகள் போயின. என் தொட்டியில் இருக்கும் மஞ்சள் 'மார்லியேசியா குரோமடெல்லா' அந்தக் காலத்து வகைதான். 1887ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நூற்றாண்டு கடந்த ஒரு செடி சேலத்து வெயிலில் மிதப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சற்றுப் பெருமைதான்.

சேலத்துத் தொட்டி இரண்டரை அடி ஆழம். ஆழத்தைக் குறைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடைகளில் அழகாக விற்கும் ஒரு அடி உயரப் பீங்கான் தொட்டிகளை ஏப்ரல் வெயிலில் வைத்தால் மதியம் தண்ணீர் கை வைக்க முடியாத அளவு சுடும். குளிர்நாட்டுக் கிழங்கு அதில் வெந்து போகும். தண்ணீரின் அளவு கூடக்கூட அது சூடேற நேரமாகும். அடிப்பகுதியில் கொஞ்சமாவது குளுமை நிற்கும். சித்திரை, வைகாசியில் மட்டும் மேற்குப் பக்கம் பச்சை நிழல்வலை கட்டிவிடுவேன். காலை வெயில் முழுவதும் கிடைக்க வேண்டும், மதியம் இரண்டு மணிக்கு மேல் அடிக்கும் வெயில் தேவையில்லை. ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் இல்லாமல் இந்தச் செடி பூக்காது என்பதால், ஆண்டு முழுவதும் வலை கட்டுவது வீண்.

புதுச் சிமெண்ட் தொட்டியில் நேராகச் செடியை இறக்கிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து கசிந்து தண்ணீரைக் காரமாக்கிவிடும். எங்கள் கொத்தனார் சொன்ன முறைதான் நான் செய்தது: தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு ஊற வைத்து, நாற்றம் வந்ததும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவது. இப்படிச் சில முறை. நாற்றத்துக்காக அக்கம்பக்கத்தாரிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சேலத்தில் வெயிலைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். வெள்ளைக்கல் (மாக்னசைட்) வெட்டி எடுக்கும் ஊர் இது. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் குடத்தில் வெள்ளைப் படலம் கட்டும். கோடையில் தொட்டி நீர் வேகமாக ஆவியாகும். குறைந்த அளவை மறுபடி ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பினால், நீர் மட்டும் போய் உப்பு தங்கிக்கொண்டே போகும். இலையின் மேல் வெள்ளைப் பொடிபோலப் படியும். புது இலைகள் மஞ்சளடித்து வரும். இதற்கு உரம் போட்டு ஒரு பயனும் இல்லை. நான் இப்போது காவிரிக் குழாய்த் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுகிறேன். ஐப்பசி மழையில் மொட்டைமாடிக் குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்பி விடுவேன். பழைய தண்ணீர் வழிந்தோடி, புது மழைநீர் நிறைந்த அடுத்த வாரமே இலைகள் பளபளக்கும்.

ஏற்காட்டில் இந்தக் கவலை எதுவும் இல்லை. மழைநீரும் ஊற்று நீரும் போதும். வெயில்தான் கிடைக்காது. ஆனியிலிருந்து கார்த்திகை வரை பல நாட்கள் மேகம் முற்றத்திலேயே உட்கார்ந்திருக்கும். மொட்டு மேலே வந்து, வெயிலுக்குக் காத்து, விரியாமலே மூழ்கிவிடும். காப்பித் தோட்டத்தில் குட்டை என்றால் இன்னொன்றும் உண்டு. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள் இலையைக் கொட்டியபடியே இருக்கும். இலை அடியில் அழுகினால் தண்ணீர் கறுத்துவிடும். சித்தப்பா குட்டைக்குத் தென்கிழக்கே நின்ற இரண்டு மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்ட பிறகே அங்கே பூ என்று சொல்லும்படி ஏதாவது வந்தது. மிளகுக்கொடி ஏறிய மரங்கள் என்பதால் அவருக்கு மனமே இல்லை. "கண்ணு, மிளகு காசு கொடுக்கும், உன் அல்லி என்ன கொடுக்கும்?" என்று கேட்டபடியே அரிவாளை எடுத்தார்.

மாசி முதல் வைகாசி வரை மலையில் நிலைமை தலைகீழ். வானம் தெளிவு, இரவில் குளிர்ச்சி, பகலில் இதமான வெயில். இந்த மாதங்களில் அங்கே வரும் பூவின் நிறம் சேலத்தில் வரவே வராது. இதைச் சிவப்பு வகைகளில் நன்றாகக் காணலாம். 'அட்ராக்ஷன்' என்ற சிவப்பு அல்லி மலையில் மாதுளம்பழ நிறத்தில் விரிகிறது. அதே கிழங்கின் மறுபாதி சேலத்தில் மே மாதம் பூத்தால் இதழ் நுனி கருகி, மதியத்துக்குள் துவண்டு போகிறது. அடர் சிவப்பு இதழ்கள் வெப்பத்தை அதிகம் வாங்கிக்கொள்வதுதான் காரணம். 'ஜேம்ஸ் பிரைடன்' என்ற ரோஜாச் சிவப்பு வகையும் அப்படியே. கிண்ணம்போலக் குவிந்த பூ, வட்டமான இலை, சிறிய குட்டைக்கும் பொருந்தும் அடக்கமான செடி. ஏற்காட்டில் வீடு இருந்து, ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் இதையே வாங்கச் சொல்வேன். சேலத்தில் அதன் பங்குக் கிழங்கு கோடை முழுவதும் இலை மட்டும் விட்டுக்கொண்டிருந்தது; இப்போது அதையும் மலைக்கே அனுப்பிவிட்டேன்.

சேலத்துக்கு என் தேர்வு வேறு. குரோமடெல்லா எதற்கும் அசராது. தாய்லாந்தில் உருவான வகைகள், முக்கியமாக 'மங்கலா உபோல்', வெப்பத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதால் நம் ஊரில் நன்றாக நடக்கின்றன. பீச் பழ நிறத்தில் நிறைய இதழ்களுடன் அது பூக்கும்போது தாமரையோ என்று கேட்காத விருந்தாளி இல்லை. சேலத்தில் இவை குளிர்காலத்திலும் உறங்குவதில்லை. மார்கழியில் கொஞ்சம் மந்தம், தை பிறந்ததும் பழையபடி. ஏற்காட்டில் மார்கழி, தை இரண்டிலும் இலைகள் சிறுத்து, தண்ணீருக்கடியிலேயே நின்றுவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிட வேண்டாம்.

நடும் முறையில் கிழங்கின் இயல்பு முக்கியம். இது தரையோடு படுத்து ஒரு பக்கமாக ஊர்ந்து வளரும். ஆழமான சட்டி வீண்; அகலம் வேண்டும். கட்டட வேலைக்கு வைத்திருக்கும் கருப்புப் பிளாஸ்டிக் சாந்துச் சட்டியைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கிழங்கின் வெட்டுப்பக்கத்தைச் சட்டியின் ஓரத்தில் வைத்து, துளிர்ப்பக்கம் நடுவை நோக்கிச் சற்று மேலே சாய்ந்திருக்கும்படி படுக்க வைக்க வேண்டும். துளிர் மண்ணுக்குள் புதையக் கூடாது. மண் ஏரி வண்டலோ களிமண் கலந்த செம்மண்ணோ போதும். மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு, பச்சைச் சாணம் இவற்றைப் பார்த்ததும் ஓடிவிடுங்கள். முதல் இரண்டும் மிதக்கும். மூன்றாவது நொதித்து, குமிழி விட்டு, கிழங்கை அழுக வைத்துப் பாசியையும் வளர்க்கும். மேலே கூழாங்கல் பரப்பினால் மீன் மண்ணைக் கிளறாது. முதலில் சட்டியைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்து, இலை மேலே வர வர ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கீழே இறக்குங்கள்.

உரம் மாதம் ஒரு முறை, செடி ஓடி வளரும் காலத்தில் மட்டும். டிஏபி குருணையைச் சிறு துண்டு செய்தித்தாளில் பொட்டலமாக மடித்து, கிழங்கிலிருந்து தள்ளி மண்ணுக்குள் விரலால் ஆழமாக அழுத்திவிடுவேன். தண்ணீரில் சிந்தினால் மீனுக்கும் ஆகாது, நூல்பாசிக்குத்தான் விருந்து. பாசிக்கு மருந்து ஊற்ற வேண்டியதே இல்லை. தண்ணீரின் மேற்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடிவிட்டால் வெளிச்சமின்றிப் பாசி தானாக அடங்கும். அதுவரை குச்சியில் சுற்றி எடுங்கள்.

தொட்டியில் நீரூற்று வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அல்லிக்கு அசையாத தண்ணீர் வேண்டும். இலை மேல் ஓயாமல் நீர் தெளித்தால் செடி நலிந்து போகும். தேங்கிய நீர் என்றால் கொசு என்ற பயம் நியாயமானதே. டெங்கு பரப்பும் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். மாநகராட்சிப் பணியாளர்கள் வந்து தொட்டியை எட்டிப் பார்ப்பதும் வழக்கம். கப்பி மீன் விட்டால் ஒரு கொசுப்புழு மிஞ்சாது. மலையில் மார்கழிக் குளிருக்குக் கப்பி சுணங்கிப் போகிறது, ஆனால் தட்டான் புழுக்கள் அங்கே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

பூச்சிகளில் அசுவினி இரண்டு ஊரிலும் உண்டு. இலையின் மேல் கருப்பாக அப்பிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் நீரில் விழும், மீன் பார்த்துக்கொள்ளும். வேப்பெண்ணெய் தெளிக்கத் தோன்றும். மீன் இருக்கும் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதப்பது நல்லதல்ல. இலையை முட்டை வடிவத்தில் நறுக்கி, அந்தத் துண்டையே போர்த்திக்கொண்டு மிதக்கும் ஒரு அந்துப்பூச்சிப் புழு உண்டு. அதைக் கையால் பொறுக்குவதுதான் வழி. உண்மையில் அஞ்ச வேண்டியது கிழங்கின் தலைப்பகுதி அழுகல். இலைகள் மஞ்சளாகி, லேசாக இழுத்தாலே காம்போடு வந்துவிடும். துளிர் கூழாகி நாறும். அந்தச் செடியை மண்ணோடு எறிந்துவிட்டுச் சட்டியைக் கழுவிக் காயவையுங்கள். காப்பாற்ற நினைத்தால் பக்கத்துச் சட்டியும் போகும்.

ஏற்காட்டுக்கே உரிய பூச்சி குரங்கு. பூவைப் பறித்து, ஒரு கடி கடித்து, பிடிக்காமல் எறியும். மறுநாளும் வந்து அதையே செய்யும். நைலான் வலை போட்டிருக்கிறோம், அழகு கெட்டதுதான் மிச்சம்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து நடுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நின்று, பூ குறைந்தால் சட்டி நிறைந்துவிட்டது என்று பொருள். நுனித்துளிரோடு நான்கு அங்குலத் துண்டு வெட்டிப் புது மண்ணில் வையுங்கள். பழைய மரத்துப்போன கிழங்கு எதற்கும் உதவாது. இந்த வேலைக்குச் சேலத்தில் தை கடைசி, மலையில் மாசி.

வாங்குவது பற்றி. இணையத்தில் ஒருவரிடம் குரோமடெல்லா கேட்டு வாங்கியது வெள்ளைப் பூ பூத்தது, பணமும் திரும்பவில்லை. பூவின் படத்தை நம்பாமல், அனுப்பப்போகும் செடியின் இலையையும் கிழங்கையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குரோமடெல்லாவின் இலையில் செம்பழுப்புத் திட்டுகள் இருக்கும். ஹார்டி இலையின் விளிம்பு பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். ரம்பப்பல் விளிம்பு என்றால் பெரும்பாலும் வெப்பமண்டல வகை. கிழங்கு கல்போல உறுதியாக, நாற்றமின்றி இருக்க வேண்டும். "ஹார்டி நீலம்" என்று 800 ரூபாய்க்கு விற்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். தாய்லாந்தில் அப்படியொன்றை உருவாக்கியது உண்மை. நம் ஊரில் அந்தப் பெயரில் வருபவை அநேகமாக வெப்பமண்டல நீலம்தான். அது 150 ரூபாய்க்கே கிடைக்கும், சேலத்தில் அருமையாகவும் பூக்கும்.