லூருக்கு எந்தக் கண்? பெயின்ட், ஸ்டிக்கர், தகடு, ஜமிக்கி: ஓர் அலசல்

வீட்டில் லூர் (மீனை ஏமாற்றிப் பிடிக்கும் செயற்கை இரை) செய்பவர்கள் அதற்கான கண்ணைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் மேசை விளக்கின் கீழேதான். அந்த வெளிச்சத்தில் எந்தக் கண்ணும் பளபளக்கும். வார்னிஷ் பூசிய வெறும் கருப்புப் பொட்டுகூட உயிரோடு இருப்பதுபோல் தெரியும். ஆனால் மீன் அங்கே வந்து பார்ப்பதில்லையே! அதனால் இங்கே எல்லாக் கண்களையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்: தண்ணீருக்குள் போன பிறகு இதில் என்ன மிச்சம் இருக்கும்?

அதற்கு முன் ஒன்று. கண்ணே இல்லாத ஸ்பூன்களும் (கரண்டி வடிவ உலோக லூர்கள்) மீன் பிடிக்கின்றன. நீச்சல் சரியில்லாத லூருக்கு எந்தக் கண்ணை வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. நீச்சல் சரியாக வந்த பிறகு படிக்கவேண்டிய கட்டுரை இது.

சோதித்துப் பார்க்க மீன்தொட்டிகூட வேண்டாம், ஒரு கண்ணாடி ஜாடி போதும். பெயின்ட் அடித்து மேலே எப்பாக்ஸி (தெளிவாக இறுகும் பிசின்) பூசிய கண் ஒன்று, அலுமினியத் தகடு வைத்து அதே எப்பாக்ஸி பூசிய கண் ஒன்று. இரண்டையும் தண்ணீரில் முக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். முதலாவதில் இருந்த பளபளப்பு காணாமல் போயிருக்கும். இரண்டாவது மின்னிக்கொண்டிருக்கும்.

ஒரு பொருளின் மேற்பரப்பில் எவ்வளவு ஒளி திரும்பும் என்பது, அதற்கும் அதைச் சுற்றி இருப்பதற்கும் ஒளிவிலகல் எண்ணில் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பொறுத்தது. காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, எப்பாக்ஸிக்கு சுமார் 1.55. காற்றில் நேராக விழும் ஒளியில் 4 முதல் 5 சதவீதம் எப்பாக்ஸியின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். நாம் 'பளபளப்பு' என்று ரசிப்பது அதைத்தான். தண்ணீருக்குள் அது ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. எப்பாக்ஸிக்குள் இருக்கும் உலோகப் படலத்துக்கு இந்தக் கவலை கிடையாது. வெளியே காற்றானாலும் தண்ணீரானாலும் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும்.

அடுத்த விஷயம் இதைவிடச் சுவாரஸ்யம். மத்தி, நெத்திலி போன்றவற்றின் உடம்பில் இருக்கும் வெள்ளி நிறம் எல்லார் கண்ணிலும் படுவதற்காக இல்லை, மறைந்துகொள்வதற்காக. தண்ணீருக்குள் வெளிச்சம் மேலிருந்து வருகிறது. பக்கவாட்டில் எந்தத் திசையில் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே மங்கல்தான். செங்குத்தாக நிற்கும் கண்ணாடி அந்த மங்கலையே திருப்பிக் காட்டும், பின்னணியோடு கலந்துவிடும். மீன் சற்றே சாய்ந்தால்தான் மேலே இருந்து வரும் ஒளி பளீரென்று தெறிக்கும். லூரின் பக்கவாட்டில் ஒட்டிய தட்டையான வெள்ளிக் கண்ணும் இப்படித்தான். உடல் உருளும்போது மின்னும், நேராக நின்றால் அணைந்துவிடும். வெளிப்பக்கம் புடைத்த உலோகக் கண்ணில் மட்டும், லூர் எப்படி நின்றாலும், ஏதோ ஓர் இடம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அங்கே ஒரு ஒளிப்புள்ளி எப்போதும் இருக்கும்.

ஆக, பார்க்கவேண்டியவை இரண்டு: உள்ளே உலோகம் இருக்கிறதா, அந்த உலோகமே வளைந்திருக்கிறதா.

பெயின்ட் கண்

இந்த இரண்டிலும் பெயின்ட் தோற்கிறது. ஆனாலும் அதை ஒதுக்கிவிட மாட்டேன். ஆணியின் தலையை மஞ்சள் பெயின்டில் தொட்டு ஒரு வட்டம், காய்ந்த பிறகு சின்ன ஆணியால் நடுவில் ஒரு கருப்புப் பொட்டு. உரிவதற்கோ விழுவதற்கோ எதுவும் இல்லை, எந்த அளவிலும் வைக்கலாம். கலங்கிய தண்ணீரில் மின்னுவதைவிட நிற மாறுபாடுதான் வேலை செய்யும். வெள்ளை அல்லது மஞ்சள் மேல் பெரிய கருப்புப் பொட்டை மிஞ்ச அங்கே வேறு கண் இல்லை. கொஞ்சமாவது மின்னவேண்டும் என்றால் மினுக்குத்துகள் கலந்த நெயில் பாலிஷ் நடுவழி. துகள்கள் ஆளுக்கொரு கோணத்தில் கிடப்பதால் ஏதோ ஒன்று ஒளியைப் பிடிக்கும். தெர்மாக்கோல் உடல் மேல் மட்டும் அதை நேரடியாக வைக்காதீர்கள், அதிலுள்ள கரைப்பான் உடலைக் கரைத்துக் குழி போட்டுவிடும்.

சிவப்புக் கண் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. மேற்பரப்பை ஒட்டி ஓடும் லூரில் அது சிவப்பாகவே தெரியும். சில மீட்டர் ஆழம் போனதும் கருப்பாகிவிடும். கருப்புக் கண்ணும் கண்தான் என்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

கடையில் கிடைக்கும் ஸ்டிக்கர்கள்: தட்டையும் குமிழும்

தட்டையான ஹாலோகிராம் ஸ்டிக்கரில் உலோகப் படலம் மேல் கண்ணுக்குத் தெரியாத நெருக்கமான கோடுகள் அச்சாகியிருக்கும். அவை ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பல கோணங்களில் அனுப்புகின்றன. வெறும் வெள்ளிக் கண்ணைப்போல் 'எரி, அணை' என்று இல்லாமல் இது சிமிட்டிக்கொண்டே இருக்கும். மேலே தெளிவான படலம் இருப்பதால் தண்ணீரிலும் இந்த வித்தை தங்கும்.

தொல்லை ஒட்டுவதில்தான். தட்டையான வட்டத்தை உருண்டையான மர உடல் மேல் எவ்வளவு அழுத்தினாலும், மேலும் கீழும் இரண்டு விளிம்புகள் மெல்ல எழும்பும். மறுநாள் காலையில் பார்த்தால் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் மேலேயே எப்பாக்ஸி பூசினால் அந்த இடைவெளியில் காற்று சிக்கி, கண்ணைச் சுற்றி வெள்ளைப் பிறையாகத் தெரியும். கண் வரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துத் தட்டையாக்கிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

குமிழ்க் கண்களில், அதாவது மேலே தெளிவான பிசின் புடைத்திருக்கும் வகையில், நாம் ஏமாறும் வாய்ப்பு அதிகம். கையில் வைத்துப் பார்க்கும்போது கண்மணி பெரிதாகத் தெரியும், நம்மையே பின்தொடர்வதுபோல் இருக்கும். குமிழ் ஒரு லென்ஸாக வேலை செய்வதால் வரும் மாயம் அது. தண்ணீருக்குள் அந்த லென்ஸின் சக்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மேலே சொன்ன எண்களைக் கழித்துப் பார்த்தாலே தெரியும், 0.55 இருந்த இடத்தில் 0.22தான். அடியில் இருக்கும் உலோக அச்சோ தட்டையாகவே இருக்கிறது. குமிழைக் குழிக்குள் இறக்கி, உடலோடு சமமாகும்படி தடித்த எப்பாக்ஸியும் ஊற்றிவிட்டால், பிசினுக்குள் பிசின். குமிழ் என்ற ஒன்றே இல்லாமல் போகும், தட்டை ஸ்டிக்கரையே வாங்கியிருக்கலாம்.

அதற்காகக் குமிழ்க் கண் வீண் என்று சொல்லமாட்டேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே முகபாவம் வேண்டும் என்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஹாலோகிராம் அச்சுள்ளதாகப் பார்த்து வாங்கி, அரைக்கண் வெளியே தெரியும் ஆழத்துக்குக் குழி தோண்டி ஒட்டி, மெல்லிய பூச்சு ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் நன்றாகவே உழைக்கும்.

நாமே அழுத்தும் தகடு

என் வாக்கு இதற்குத்தான். அலுமினிய ஒட்டுநாடாவைப் பின்தாளோடு சேர்த்துக் காகிதத் துளைப்பானில் வைத்து அழுத்தினால் 6 மி.மீ. வட்டம் கிடைக்கும். அதைவிடச் சிறியது வேண்டுமென்றால் தோல் பெல்ட்டுக்கு ஓட்டை போடும் குறடு. வட்டத்தைத் தகடு மேலே இருக்கும்படி வைத்து, மழுங்கிய ஊசியால் நடுவிலிருந்து விளிம்புவரை நெருக்கமாகக் கோடுகள் இழுங்கள், கிழிக்காமல். பிறகு அதைக் கவிழ்த்து ஒரு ரப்பர் மேல் வைத்து, உருண்டைத் தலையுள்ள எதையாவது கொண்டு நடுவில் அழுத்திச் சுழற்றுங்கள். தட்டை வட்டம் குட்டிக் கிண்ணமாகும். விளிம்பில் சுருக்கங்கள் விழும். அவற்றை நீவிவிட வேண்டாம். ஒவ்வொரு சுருக்கமும், ஒவ்வொரு கோடும் வேறொரு திசையைப் பார்க்கும் ஒரு சின்னக் கண்ணாடி.

புடைத்த பக்கம் வெளியே வரும்படி குழியில் எப்பாக்ஸி வைத்து ஒட்டவேண்டும். அடியில் காற்று தங்கக் கூடாது, தங்கினால் முதல் பாறை மோதலில் கண் நசுங்கும். பல்குச்சியின் மொட்டை முனையால் கருப்புப் பொட்டு. அது நன்றாகக் காய்ந்த பிறகு ஒரே ஒரு சொட்டு யுவி பிசின், அதாவது புற ஊதா ஒளி பட்டால் இறுகும் வகை. சொட்டு விளிம்புவரை தானாகப் பரவ நேரம் கொடுங்கள். குமிழி தெரிந்தால் ஊசியால் ஓரத்துக்கு இழுத்து உடைத்துவிட்டு, அதற்குப் பிறகு யுவி விளக்கைக் காட்டுங்கள். ஜாடியில் போட்டுத் திருப்பிப் பார்த்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதோ ஒரு கோட்டில் ஒளி நிற்கும். குமிழ் ஸ்டிக்கரால் தண்ணீருக்குள் செய்ய முடியாதது இது. குறை என்ன? இடதும் வலதும் அச்சு அசலாக ஒன்றாக வராது. உங்களுக்கு அது உறுத்தலாம். மீன் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறது.

இந்த உழைப்பெல்லாம் வேண்டாம் என்பவருக்கு, குழிந்த ஜமிக்கி. உலோகம், வளைவு, பட்டைகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. நடுவில் உள்ள ஓட்டை கண்மணிக்கு இடம் குறித்துக் கொடுக்கிறது. சில ஜமிக்கிகளின் சாயம் பிசின் பட்டால் ஓடிவிடும் என்பதால் ஒன்றை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளித்தாள் தட்டைக் கண்ணுக்கு மட்டும் சரி, அழுத்தினால் வளைவு நிற்காது. பழைய சிடியின் வானவில் நிறம் தண்ணீரிலும் அழகாகத்தான் இருக்கும். அதைச் சில்லு தெறிக்காமல் வெட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

கல், சிப்பி, சாலை நாடா, இருட்டில் ஒளிர்வது

துணியில் ஒட்டும் கண்ணாடிக் கற்களில் அடிப்பக்கம் தட்டையானவை முன்பட்டைகளை நம்பியே மின்னுகின்றன. தண்ணீரில் அவை பாதி செத்துப்போகும். அடி கூம்பாக இருந்து அதன் மேல் வெள்ளிப் பூச்சு உள்ளவை தப்பிக்கும். கூம்பு என்பதால் துளைத்த குழியில் கச்சிதமாகவும் உட்காரும். பூச்சுக்குப் பின்னால் தண்ணீர் போகாமல் அடைப்பது உங்கள் பொறுப்பு.

முத்துச்சிப்பித் துண்டு உலோகம் இல்லாமலே பிழைக்கும் ஒரே வகை. அதன் மினுமினுப்பு மேற்பரப்பில் இல்லை, உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய ஏடுகளில் இருக்கிறது. தண்ணீரால் அதைத் தொட முடியாது. பசிபிக் தீவுகளில் முத்துச்சிப்பியிலேயே லூர் செய்யும் மரபு இருந்தது சும்மா இல்லை. தேய்க்கும்போது ஈரமாக வைத்துத் தேயுங்கள், முகமூடி அணியுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வாகனங்களில் ஒட்டும் பிரதிபலிப்பு நாடாவைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் தீப்பற்றியதுபோல் இருக்கும், உண்மைதான். ஆனால் அந்த நாடா ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும்படி செய்யப்பட்டது. டார்ச்சைப் பிடித்திருப்பவருக்குத்தான் அந்தக் காட்சி. ஆழ்கடலில் கண்ணுக்குக் கீழே சொந்த விளக்கோடு அலையும் மீன்கள் சில உண்டு. அவற்றைப் பிடிக்கப் போகிறவர் தாராளமாக ஒட்டிக்கொள்ளலாம்.

இருட்டில் ஒளிரும் பெயின்ட் வேறு சாதி. அது ஒளியைப் பிடிப்பதில்லை, சேமித்து உமிழ்கிறது. இரவில் போடும் லூருக்கு மட்டும் யோசியுங்கள். துத்தநாக சல்பைடு வகை நிமிடங்களில் மங்கிவிடும். ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் வகை மணிக்கணக்கில் தாங்கும், ஈரம் பட்டால் கெடும் என்பதால் மேலே பூச்சு அவசியம்.

எதற்கு எது

இழுக்கும்போது வேகமாக உருண்டு நீந்தும் கிராங்க்பெய்ட் வகை லூருக்குத் தட்டை வெள்ளிக் கண்ணே போதும். உருளும் வேலையை உடலே செய்கிறது, 'எரி, அணை' அங்கே நன்மைதான். மெதுவாக இழுப்பது, நிறுத்தி நிறுத்தி இழுப்பது, நேராக மூழ்குவது என்றால் அழுத்திய தகடோ ஜமிக்கியோ. சேற்றுத் தண்ணீருக்குப் பெயின்ட். பத்துப் பன்னிரண்டு லூர்களை ஒரே மாதிரி செய்து நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டுமா, குமிழ் ஸ்டிக்கர். தண்ணீரின் மேல் மிதந்து ஓடும் லூரைக் கீழிருந்து பார்க்கும் மீனுக்குத் தெரிவது பெரும்பாலும் நிழலுருவம்தான்; அதற்குக் கண் நம் ஆசைக்கு.

எந்தக் கண்ணானாலும் சூப்பர் க்ளூவை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஆவி படிந்து தகட்டின் மேல் வெள்ளைப் புகைபோல ஒரு படலம் விழும், துடைத்தாலும் முழுதாகப் போகாது. இரு பகுதி எப்பாக்ஸி நல்லது. மேல்பூச்சுக்கு ஐந்து நிமிட எப்பாக்ஸியைவிட மெதுவாக இறுகும் வகையை எடுங்கள். குமிழிகள் வெளியேற நேரம் கிடைக்கும். பூசியதும் லைட்டர் சுடரை ஒரு நொடி தூரத்திலிருந்து காட்டினால் மிச்சக் குமிழிகளும் உடையும். பிறகு பூச்சு இறுகும்வரை லூரைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் பிசின் வழிந்து கீழ்ப்பக்கக் கண்ணின் மேல் தடித்துப்போகும்.