கேம்பிரிட்ஜில் இளங்கலைப் புவியியல்: படித்து முடித்துச் சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கேம்பிரிட்ஜில் புவியியல் படிக்கலாமா என்று உறவினர் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும்போது, சேர்ந்த புதிதில் நான் சொல்லி வந்த பதிலை இப்போது சொல்வதில்லை. அன்று பழைய கட்டடங்களையும், கறுப்புக் கவுன் அணிந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் உண்ணும் ‘ஃபார்மல்’ விருந்துகளையும், ஆசிரியர்களைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாத புல்வெளிகளையும் பற்றியே அதிகம் பேசினேன். இன்று வெள்ள அபாய வரைபடங்கள் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். அந்த மூன்றாண்டுப் படிப்பில் எது இன்றும் கைகொடுக்கிறது, எது பட்டமளிப்போடு முடிந்துபோனது என்று பிரித்துப் பார்க்க இப்போதுதான் முடிகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்மூரில் ‘கல்லூரி’ என்றதும் மனத்தில் எழும் சித்திரம் இங்கே பொருந்தாது. கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் உள்ளன. விரிவுரைகளை நடத்துவது பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகமே. மாணவரைச் சேர்த்துக்கொள்வது, தங்க இடமும் உணவும் தருவது, சிறு குழுக்களில் ‘சூப்பர்விஷன்’ எனப்படும் வாராந்தரப் பாடத்துக்கு ஏற்பாடு செய்வது ஆகியவை கல்லூரியின் பொறுப்பு. ஒவ்வொரு பாடத்துக்கும் கல்லூரியில் ஒரு ‘டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ்’ இருப்பார். நமது படிப்பின் போக்கைப் பருவம்தோறும் கவனிப்பவர் அவர்தான். எல்லாக் கல்லூரி மாணவர்களும் டவுனிங் வளாகத்தில் ஒரே விரிவுரையில் ஒன்றாக அமர்வதால், எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு வெளியில் தரப்படும் அளவுக்கு முக்கியத்துவம் இல்லை என்பது என் கருத்து. நான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் விடுவதும் அதனால்தான்.

இந்தப் படிப்பின் உயிர் சூப்பர்விஷனில் இருக்கிறது. இரண்டு அல்லது மூன்று மாணவர்கள், ஓர் ஆசிரியர், ஒரு மணி நேரம்; அவ்வளவுதான். வாரத்தின் தொடக்கத்தில் ஒரு கேள்வியும் ஒரு நீண்ட வாசிப்புப் பட்டியலும் வரும். ‘இயற்கைப் பேரிடர் என்று ஒன்று உண்டா?’ என்பது போன்ற கேள்விகளே பெரும்பாலும் இருக்கும். பட்டியலில் உள்ளவற்றை முடிந்தவரை படித்து, ஏறத்தாழ 2,000 சொற்களில் ஒரு கட்டுரை எழுதி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். பிறகு அந்த ஒரு மணி நேரத்தில் கட்டுரையின் ஒவ்வொரு மூட்டும் தட்டிப் பார்க்கப்படும். “காலநிலை மாற்றத்தால் இந்த வறட்சி நேர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மழை குறைந்ததா, ஆவியாதல் கூடியதா, நீர் வேறு யாருக்கோ திருப்பி விடப்பட்டதா?” என்று ஆசிரியர் அமைதியாகக் கேட்பார். பதில் தெரியாவிட்டால் கோபப்பட மாட்டார்; ஆனால் அடுத்த கேள்வியும் அதே இடத்தைச் சுற்றியே வரும். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஐந்து குறிப்புகள் எழுதிப் பழகியவருக்கு முதல் பருவம் கடினமாகத்தான் இருக்கும். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும் அப்படியே. நான் அந்த ஆண்டு முழுவதும் எவரையும் விளிக்காமலே பேசி முடித்தேன்.

இவ்வளவு நெருக்கமான கவனிப்பு இளங்கலை மாணவருக்குக் கிடைப்பது அரிது. அலுவலகத்தில் ஓர் அறிக்கையின் முதல் வரைவைப் படிக்கும்போது, ‘இந்த வாக்கியத்துக்கு ஆதாரம் என்ன?’ என்று கை தானாக ஓரக்குறிப்பு எழுதுகிறது என்றால், அது அந்த அறைகளில் வந்த பழக்கம். ஆனால் இதே முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு பருவம் எட்டு வாரங்களே. மைக்கேல்மஸ், லெண்ட் ஆகிய இரு பருவங்களிலும் கட்டுரைகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழும். ஈஸ்டர் பருவத்தைத் தேர்வு எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் பனியாறுகளின் நகர்வு, அடுத்த வாரம் நகரக் குடிசைப் பகுதிகள், அதற்கடுத்த வாரம் அமேசான் காட்டின் கரிமச் சுழற்சி என்று தாவிக்கொண்டிருக்கும்போது, எதையும் நின்று நிதானமாக அளந்து பார்க்க நேரம் இருக்காது. அரைகுறையாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி நம்பிக்கையோடு வாதிடும் திறமை நன்றாகவே வளரும். வழக்கறிஞருக்கு அது போதும். புவியியலாளருக்குப் போதாது.

முதலாண்டில் மானிடப் புவியியல், இயற்கைப் புவியியல் இரண்டையும் அனைவரும் படித்தாக வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் விருப்பத்துக்கேற்ப ஒரு பக்கம் சாயலாம். இந்தக் கட்டாயத்தை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். வெள்ளச் சமவெளியில் யார் வீடு கட்டுகிறார்கள், ஏன் அங்கே கட்டுகிறார்கள் என்று தெரியாமல் ஆற்றின் நீரோட்டத்தை மட்டும் கணக்கிடுபவர்களோடு இன்று வேலை செய்யும்போது அதன் அருமை புரிகிறது.

துறையின் வரலாற்றிலேயே நடந்து பார்த்தவர்களும் உட்கார்ந்து வாதிட்டவர்களும் கலந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் கடைசி அண்டார்க்டிகா பயணத்தில் நிலவியலாளராகச் சென்ற ஃபிராங்க் டெபன்ஹாம் 1920இல் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனம் உருவாகக் காரணமாக இருந்தார். 1931இல் கேம்பிரிட்ஜின் முதல் புவியியல் பேராசிரியரும் ஆனார். அந்த நிறுவனம் இன்று புவியியல் துறையின் பகுதி. அதன் முன்கூடத்தின் இரு குவிமாடங்களிலும் வட, தென் துருவங்களின் வரைபடங்கள் தீட்டப்பட்டுள்ளன. பயணக் கப்பலான ‘டெர்ரா நோவா’வின் மணி அங்கேதான் இருக்கிறது, காப்பி இடைவேளைக்கு அதை அடித்துத்தான் அழைப்பார்கள். மறுபுறம், எண்ணிக்கையும் மாதிரிகளும் இல்லாத புவியியல் அறிவியலாகாது என்று 1960களில் வாதிட்ட ரிச்சர்ட் சார்லி, பீட்டர் ஹாகெட் ஆகியோரும் இங்கே கற்பித்தவர்களே. மாணவருக்கு இந்த இரண்டாம் மரபு விரிவுரையிலும் நூலகத்திலும் தாராளமாகக் கிடைக்கிறது. முதல் மரபைத் தேடிப் போக வேண்டியது நாம்தான்.

தேடிப் போவதற்கு ஊரைச் சுற்றியே இடம் இருக்கிறது. கேம்பிரிட்ஜுக்கு வடக்கே விரியும் ஃபென் சமவெளி, 17ஆம் நூற்றாண்டு முதல் வடிகால் வெட்டி விளைநிலமாக்கப்பட்ட சதுப்பு. பீட்டர்பரோவுக்கு அருகே ஹோம் ஃபென் என்ற இடத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. விட்டில்சி மியர் என்ற பெரிய ஏரி வற்றடிக்கப்பட்ட 1851ஐ ஒட்டி, அதன் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைக்கப்பட்ட தூண் அது. இன்று அதன் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தூண் எழவில்லை, நிலம் இறங்கிவிட்டது. நீர் வடிந்ததும் ‘பீட்’ எனப்படும் தாவர மட்கு மண் சுருங்கியது. காற்றுப் பட்டதும் அது மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து கரியமில வாயுவாகக் கரைந்தது. மிஞ்சியதைக் காற்று வாரிக்கொண்டு போயிற்று. வெள்ளிப் பூர்ச்ச மரங்களுக்கு நடுவே அந்தத் தூணின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, மண்ணின் கரிமச் சேமிப்பைப் பற்றி அதற்கு முந்தைய வாரம் நான் எழுதியிருந்த கட்டுரை எவ்வளவு வறட்சியானது என்று தெரிந்தது. பிரிட்டனின் மிகத் தாழ்ந்த நிலம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதன் மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே. சுற்றியுள்ள வயல்களை விட ஆறுகள் உயரத்தில் ஓடுகின்றன. மழைநீரை இறைத்துத்தான் ஆற்றில் விட வேண்டும். நண்பர்கள் இருவரோடு ரயிலும் சைக்கிளுமாகப் போய்வந்த அந்தப் பயணத்துக்கு மதிப்பெண் எதுவும் கிடையாது. ஆனாலும் இன்றைய என் வேலைக்கு உண்மையான அரிச்சுவடி அதுதான்.

நூலகங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பல்கலைக்கழக நூலகம் பிரிட்டனில் வெளியாகும் நூல்களைக் கேட்டுப் பெறும் சட்ட உரிமை கொண்டது, அதன் வரைபட அறை ஒரு தனி உலகம். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் வேளாண்மை பற்றிய ஒரு கட்டுரைக்காகத் தேடியபோது, பி. எச். ஃபார்மர் என்ற கேம்பிரிட்ஜ் புவியியலாளர் தொகுத்து 1977இல் வெளியான ஆய்வு நூல் கிடைத்தது. பசுமைப் புரட்சி என்ற தலைப்பின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். ஆய்வு நடந்த இரண்டு இடங்களில் ஒன்று இலங்கையின் அம்பாந்தோட்டை. மற்றொன்று நமது பழைய வட ஆற்காடு மாவட்டம். 1973–74இல் கிராமம் கிராமமாகச் சென்று, யார் புது ரக நெல் போட்டார்கள், யாரால் போட முடியவில்லை, உரமும் கடனும் எப்படி வந்தன என்று விசாரித்திருக்கிறார்கள். மோட்டார் பம்பு பெருகியதால் நிலத்தடி நீர் என்ன ஆகிறது என்பதற்குத் தனி அத்தியாயமே இருந்தது. எழுதியவர் இலங்கையரான மத்தும பண்டார. என் தாத்தாவின் ஊர் ஆரணிக்குப் பக்கம். வீட்டில் கிணறு வற்றிய கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, அதே கதை நீர்மட்டக் கணக்கோடு அலமாரியில் இருப்பது வியப்பாக இருந்தது.

மூன்றாம் ஆண்டுக்குரிய 10,000 சொல் ஆய்வேட்டுக்கு அந்த ஊரையே எடுத்துக்கொண்டேன். முழுப் படிப்பிலும் மிக உயர்ந்த மதிப்பீட்டை நான் தருவது இந்த ஆய்வேட்டுக்குத்தான். தலைப்பை நாமே தேர்ந்து, இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளுக்கு இடையிலான கோடை விடுமுறையில் களப்பணி செய்து, தரவை நாமே சேர்க்க வேண்டும். அதற்கு முன் ஆய்வு நெறிமுறைப் படிவமும் அபாய மதிப்பீட்டுப் படிவமும் நிரப்பியாக வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றின் விளிம்பில் நின்று கயிறு விட்டு அளப்பேன் என்று எழுதியிருந்ததைப் படித்த ஆசிரியர், அந்த ஒரு வரிக்காக என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கூடவே ஒருவர் இருக்க வேண்டும், விளிம்பிலிருந்து விலகி நின்று அளக்க வேண்டும் என்று எழுதிய பிறகே கையெழுத்திட்டார்.

கல் கட்டிய கயிற்றில் அடிக்கணக்குக் குறித்துக்கொண்டு ஊரில் கிணறு கிணறாகப் போனேன். பாதிக்கு மேற்பட்டவற்றில் கல் தண்ணீரைத் தொடவே இல்லை. உலர்ந்த சேற்றில் விழும் மொத்தையான ஓசைதான் மேலே வந்தது. சில கிணறுகளின் அடியிலேயே துளையிட்டு ஆழ்குழாய் இறக்கியிருந்தார்கள். தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது, எந்த ஆண்டு வற்றியது என்று முதியவர்கள் பேத்தி கல்யாணம், தேர்தல், புயல் ஆகியவற்றை வைத்துத் துல்லியமாகச் சொன்னார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு உதவிய ஒரு பெரியவர், “ஏம்பா, இதுக்கு அவ்ளோ தூரம் போயா படிச்சே? இங்கியே கேட்டிருந்தா சொல்லியிருப்பனே” என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் சொன்னதை 1970களின் அளவுகளோடு ஒப்பிட்டு, எந்தப் பாறை அமைப்பில் எவ்வளவு இறங்கியது என்று பிரித்துப் பார்க்கும் முறை அந்தத் துறையில் கற்றது. முதல் இரண்டு ஆண்டுகளின் கட்டுரைப் பயிற்சிக்கு அப்போதுதான் ஒரு பயன் கிடைத்தது.

காலத்தால் தேய்ந்தவை என்று பார்த்தால், ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் மென்பொருளில் கற்ற செயல்முறைகள் முதலில் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த பின் பெரும்பகுதியை மறுபடியும் கற்றேன். அடிப்படைப் புள்ளியியல் மட்டும் நின்றது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஆசிரியர்–ஆண்டுப் பட்டியல்கள் அந்தக் கோடையிலேயே மறந்துபோயின. பட்டத்தைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு: முதல் பருவம் முடிந்து ஆறு ஆண்டுகள் கடந்தால், எந்தத் தேர்வும் எழுதாமலே பி.ஏ.வை எம்.ஏ. ஆக்கிக்கொள்ளலாம். வெளியாருக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. நான் என் விவரக்குறிப்பில் அதைப் போடுவதில்லை.

வாசிப்பிலும் வாதத்திலும் விருப்பம் உள்ளவர்களுக்கு இந்த இடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆற்றிலும் மண்ணிலும் கை வைத்துக் கற்க விரும்புபவர்கள், களப்பணிக்குக் கூடுதல் வாரங்கள் ஒதுக்கும் பிற பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். செலவைக் கூட்டும்போது, வெளிநாட்டு மாணவர் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு கல்லூரிக் கட்டணத்தையும் தனியாகச் செலுத்த வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. விண்ணப்பம் அக்டோபர் 15க்குள் போய்ச் சேர வேண்டும். ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க முடியாது. நேர்காணல் பெரும்பாலும் டிசம்பரில் நடக்கும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன், ஆய்வேட்டுக் களப்பணிக்குப் பயண உதவித்தொகை உண்டா, கடந்த ஆண்டுகளில் புவியியல் மாணவர்களுக்கு அது உண்மையில் கிடைத்ததா என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். விருந்துக் கூடத்தின் புகைப்படங்களைப் பார்த்து முடிவெடுப்பதை விட, அந்தப் பதிலைப் பார்த்து முடிவெடுக்கலாம்.