நான் படுத்துப் பார்க்காத கட்டில்

1997ஆம் ஆண்டு மிட்சுபிஷி டெலிகா ஸ்பேஸ் கியர் வான். 2.8 லீற்றர் டர்போ டீசல், நான்கு சில்லும் இழுக்கும், பின்பக்கம் கட்டிலும் சிறு குசினியும். கேட்ட விலை 17,500 டாலர். ஒரு வாரம் விளம்பரப் படங்களையே பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு வன்கூவருக்குக் கிழக்கே அபட்ஸ்ஃபோர்டுக்குப் போனேன்.

டெலிகா எனக்குப் புதிதல்ல. ஊரில் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் எங்களை அடைத்து ஏற்றிப்போனவை இதன் மூத்த தலைமுறை வான்கள்தான். 1994இல் வந்த இந்தத் தலைமுறைக்கு மூக்கு கொஞ்சம் நீண்டது. ஆனால் எஞ்சின் இன்னும் முன் ஆசனங்களுக்கு அடியிலேதான் குந்தியிருக்கிறது. கனடாவில் 15 வயது கடந்த வாகனத்தை இங்குள்ள பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாவிட்டாலும் இறக்குமதி செய்யலாம் என்பதால், ஜப்பானில் ஓடி முடித்த டெலிகாக்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிறையவே திரிகின்றன.

விற்றவர் பின்கதவைத் திறந்து முதலில் காட்டியது கட்டிலைத்தான். பேர்ச் பலகை, மழுங்கச் சீவிய விளிம்புகள், அடியில் இழுப்பறைகள். பக்கத்தில் இரண்டு அடுப்பு, 12 வோல்ட் குளிர்பெட்டி. தச்சு வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மனைவி ஏறிப் படுத்துப் பார்த்தவர் இறங்க மனமில்லாமல் அங்கேயே கிடந்தார். நான் வானுக்கு அடியில் படுத்தேன்.

அடியில் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சு. கதவோரக் கீறல்களைக்கூடத் தொடாத மனிதர், யாரும் பார்க்காத இடத்துக்கு ஏன் மை பூசினார்? ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். இடது பின் சில்லுக்குக் கிட்ட ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டது. முனையால் அழுத்தியதும் பூச்சு உடைந்து, கறள் மாவாகக் கொட்டியது.

அதைவிட முக்கியமானது குழாய். பின்னால் இருப்பவர்களுக்குச் சூடு கொடுக்கும் ஹீற்றருக்காக எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் இரண்டு உலோகக் குழாய்கள் அடிப்பக்கமாக ஓடுகின்றன. பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு அவற்றை அரிக்கிறது. ஓட்டை விழுந்தால் கூலன்ட் ஓசையில்லாமல் வடியும், எஞ்சின் கொதிக்கும், எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும். பிறகு கட்டிலும் அடுப்பும் நின்ற இடத்தில் நிற்கும் ஒரு சின்ன வீட்டுக்குத்தான் உதவும். இந்த வானில் ஒரு குழாயின் பொருத்தில் கூலன்ட் கசிந்த பச்சைக் கறை காய்ந்திருந்தது.

எஞ்சினையும் அவர் நாங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தார். குளிரில் அது எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க முடியவில்லை. ‘நாளை காலை வருகிறேன், அதுவரை திறப்பைத் தொடவேண்டாம்’ என்றேன். முகம் கறுத்தாலும் சம்மதித்தார். ஞாயிறு காலை குளிர்ந்த றேடியேற்றர் மூடியைத் திறந்தபோது கூலன்ட் ஒரு விரல் குறைந்திருந்தது, எண்ணெய் கலக்கவில்லை. ஒரே முறுக்கில் ஸ்டார்ட் ஆகி, அரை நிமிடம் வெண்புகை விட்டுத் தெளிந்தது. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டைச் சுற்றுவது றப்பர் பட்டி அல்ல, சங்கிலி. பட்டி எப்போது மாற்றினார்கள் என்று விசாரிக்கவேண்டிய வேலை இல்லை.

நான்கு சில்லு இழுவைதான் இந்த வானின் பெருமை. முன் சில்லுகளும் பின் சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இருப்பதால் காய்ந்த தார் வீதியிலும் நான்கிலும் ஓட்டலாம். சேற்றில் அந்த நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிக்கொள்ளலாம். செங்குத்தான ஏற்றத்துக்குத் தாழ்ந்த கியர் தனியாக இருக்கிறது. பக்கத்துச் சரளை வளவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் முறையாக விழுந்தன.

குழாயையும் கறளையும் காட்டிப் பேசி 13,800க்கு முடித்தேன். குழாய் மாற்றவும் ஓட்டை விழுந்த தகரத்தை ஒட்டவும் கராஜில் 1,560 டாலர் போனது. அந்தக் கறுப்பு மையைச் சுரண்டியதற்கே இரண்டு மணி நேரக் கூலி!

ஆறு மாதம் ஓட்டியாகிவிட்டது. 100 கிலோமீற்றருக்கு 13 லீற்றர் டீசல் குடிக்கிறது. கோக்கிஹாலா நெடுஞ்சாலையின் உச்சி 1,244 மீற்றர். அந்த ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லொறிகளோடு சேர்ந்து வலது ஓரமாக ஊர்ந்தேன். ஆசனத்துக்கு அடியிலிருந்து வரும் வெக்கை டிசம்பரில் சுகம், ஜூலையில் தண்டனை. சாரதி வலப்பக்கம் இருப்பதால் முந்திச் செல்லும்போது எதிரே வருவது எனக்குத் தெரியாது. மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அவர் இதுவரை இரண்டு முறைதான் அனுமதித்திருக்கிறார். ஆனால் மெரிட் என்ற ஊருக்கு அப்பால் காட்டுப் பாதையில், முழங்கால் ஆழப் பள்ளத்தில், இந்த வான் ஒரு முக்கல்கூட இல்லாமல் ஏறி வந்தது. அதற்காகவே அந்த விலை கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் சரிவரவில்லை. கட்டிலின் நீளம் 170 சென்ரிமீற்றர், என் உயரம் 179. கால் நீட்ட ஒரு பக்கம் அடுப்புப் பெட்டி, மறுபக்கம் கதவு. பலகைகளை அறுக்கலாம் என்றால் மனைவி விடமாட்டேன் என்கிறார். அவருக்கு அது அளவாகத்தான் இருக்கிறது.