மிதக்கும் சாஃப்ட் லூர் ஊற்றும் கிட்: வாளியில் மிதந்தது, முள் கோத்ததும் மூழ்கியது

விராலுக்கு லூர், அதாவது செயற்கை இரை, வீசுகிறவர்களுக்குச் செலவுக் கணக்கு சொல்லத் தேவையில்லை. அல்லி இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே வீசினால் ஒரு காலைப் பொழுதிலேயே இரண்டு மூன்று சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் போய்விடும். களையில் மாட்டி அறுந்து போகும், இல்லையென்றால் விரால் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போகும். விரால் மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டிய மீன், தவளையையும் மேல்மட்டத்தில்தான் அடிக்கும், அதனால் எனக்கு வேண்டியது மிதக்கும் லூர். அதைக் கடையில் வாங்கி மாளவில்லை என்றுதான் 2,400 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வீட்டிலேயே லூரை அச்சில் ஊற்றிச் செய்யும் இந்தக் கிட்டை வாங்கினேன். மூன்று மாதம் ஆகிறது, நாற்பது லூர் வரை ஊற்றிவிட்டேன்.

பெட்டியில் இருந்தவை: அரை லிட்டர் பிளாஸ்டிசால், மென்மையாக்க ஒரு சின்ன பாட்டில் திரவம், இரண்டு நிறம், மினுக்குத் தூள், இரண்டு குழி உள்ள சிலிகோன் அச்சு, அப்புறம் மிதப்பதற்கென்று ஒரு பாக்கெட் கண்ணாடிக் குமிழித் தூள் (உள்ளே வெறுமையான மிக நுண்ணிய கண்ணாடி உருண்டைகள்). வெப்பமானி இல்லை. இது பெரிய குறை, ஏனென்றால் இந்த வேலையே சூட்டை நம்பித்தான் இருக்கிறது. பிளாஸ்டிசால் என்பது பிவிசி தூளை எண்ணெய் மாதிரியான ஒரு திரவத்தில் கலந்தது, பார்க்கப் பால் போல இருக்கும். சூடு ஏற ஏற கேழ்வரகுக் கூழ் மாதிரி இறுகும், அதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். 170 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததும் அதுவே இளகித் தேன் போல ஓடும், அப்போதுதான் அச்சில் ஊற்ற வேண்டும். அதைத் தாண்டி விட்டால் மஞ்சளாகிப் பழுப்பாகிக் கருகும், வருகிற புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், தொண்டையைப் பிடிக்கும். என் முதல் கலவை அப்படித்தான் போனது. அன்றைக்கே ஒரு வெப்பமானி வாங்கினேன், வேலையை மொட்டை மாடிக்கு மாற்றினேன். சமையல் பாத்திரத்தையும் வீட்டு அடுப்பையும் இதற்குத் தொடவே தொடாதீர்கள். கருவிகளில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது, சூடான பிளாஸ்டிக்கில் தண்ணீர் பட்டால் தெறித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, மிதப்புக்கு வருகிறேன். பாக்கெட்டில் 'மிதக்கும்' என்று எழுதியிருக்கிறது. சொன்னபடி தூள் கலந்து ஊற்றி வாளியில் போட்டேன், அழகாக மிதந்தது. 5/0 அளவுத் தூண்டில் முள்ளைக் கோத்ததும் வாளியின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று பிறகு அளந்து பார்த்தேன். என் லூரின் கன அளவு 10 மில்லி, முள் 3 கிராம். இந்தப் பிளாஸ்டிக் கிட்டத்தட்ட தண்ணீரின் எடைதான், அதனால் அந்த 3 கிராமையும் தூள்தான் தூக்க வேண்டும். நல்ல லேசான குமிழித் தூள் என்றாலும் கன அளவில் கிட்டத்தட்ட 30 சதவீதம் கலந்தால்தான் அது நடக்கும். கலந்தும் பார்த்தேன். லூர் மிதந்தது, ஆனால் அழிப்பான் ரப்பர் போல விறைத்துவிட்டது, வால் ஆடவே இல்லை, முதல் விரால் அடித்ததிலேயே இரண்டாகக் கிழிந்தது. அந்தத் தூள் காற்றில் பறக்கும், முகக்கவசம் இல்லாமல் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, எனக்கு அதில் உண்மையிலேயே கோபம்.

உள்ளே தெர்மாகோல் வைத்து ஊற்றலாம் என்று நினைத்தேன். ஊற்றிய நொடியில் அது உருகிச் சுருங்கி ஒரு சின்ன உருண்டையாகிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது காற்றுதான். 8 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அலுமினியக் கம்பியில் சமையல் எண்ணெய் தடவி, முதுகுப் பக்கமாக 4 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும்படி அச்சில் வைத்து ஊற்றினேன். ஆறியதும் கம்பியை உருவி, ஓட்டையைச் சூடான பிளாஸ்டிக் சொட்டு ஒன்றால் மூடினேன், அது தன்னோடு தானே நன்றாக ஒட்டிக்கொள்ளும். இப்படி 2 மில்லி காற்று உள்ளே நிற்கிறது. தூளை 10 சதவீதத்துக்குக் குறைத்தேன். முள்ளோடு போட்டால் முதுகு மட்டும் வெளியே தெரிய மிதக்கிறது, வாலும் நன்றாக உதறுகிறது. ஒன்று மட்டும் கவனம்: முள் முனை காற்றறைக்குப் பின்னால் வெளிவர வேண்டும். நான் முதலில் அறையையே குத்திவிட்டேன், ஐந்தாறு வீச்சுக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது.

இதை மதுராந்தகம் பக்கம் ஒரு ஏரியில், குத்தகைதாரரிடம் கேட்டுக்கொண்டுதான் வீசிப் பார்த்தேன். மூன்று காலையில் நான்கு விரால், அதில் ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் லூரைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, செவப்பா குஞ்சு மொதக்கிற எடத்துல மட்டும் இதப் போடாத, தாய் வந்து அடிச்சிடும்" என்றார். நானும் அதைக் கடைப்பிடிக்கிறேன். தாயைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீனுக்குத் தீனி. முட்டுக்காடு உப்பங்கழியில் கொடுவா மீனுக்கும் வீசினேன், கடி இல்லை, ஆனால் உப்புத் தண்ணீரில் இதே லூர் இன்னும் கொஞ்சம் மேலேறி நின்றது.

அச்சைப் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன். நாற்பது லூர் ஊற்றியும் ஓரம் பிசிறவில்லை, துடுப்பு வாலின் மெல்லிய கழுத்துகூடச் சுத்தமாக வருகிறது. கிழிந்த லூரை ஏரியில் போட்டுவிட்டு வராமல் திரும்பக் கொண்டுவந்து உருக்கினால் அடுத்த லூர் கிடைக்கிறது, எனக்கு இந்தக் கிட்டில் மிகவும் பிடித்தது அதுதான். 1949-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் க்ரீமும் அவர் மனைவியும் பிளாஸ்டிக் புழுவை வீட்டில் காய்ச்சித்தான் தொடங்கினார்கள், அப்புறம்தான் அது தொழிலானது. அதனால் வீட்டு லூர் என்று யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

மாதம் ஒரு முறை ஏரிக்குப் போகிறவர் என்றால் கடையில் நாலு லூர் வாங்கிக்கொள்ளுங்கள், இந்தச் செலவு தேவையில்லை. வாரா வாரம் போகிறவர் வாங்கலாம், வெப்பமானிக்கும் முகக்கவசத்துக்கும் தனியாகப் பணம் எடுத்து வைத்துக்கொண்டு. ஊற்றிய லூர்களைச் சாயம் பூசிய கட்டை லூர்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், சாயம் இளகிப் பிசுபிசுத்துவிடும், என்னிடம் இரண்டு அப்படி வீணாயின. அடுத்த முறை நான் பிளாஸ்டிசால் மட்டும்தான் வாங்கப்போகிறேன். தூள் பாக்கெட்டில் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது.