பணம் கட்டியும் மேடையில் பூட்டிக்கொண்ட டி.ஜே. மென்பொருள்: சந்தாவை நம்பி நிகழ்ச்சி செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற மாதம் ஒரு திருமண வரவேற்பில், மணமக்கள் அரங்குக்குள் நுழைய வேண்டிய நேரத்தில், நான் ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் டி.ஜே. மென்பொருள் என் கன்ட்ரோலரை (பாடல்களைக் கையால் இயக்க லேப்டாப்போடு இணைக்கும் பலகை) ஏற்க மறுத்து, 11 நிமிடம் என்னைக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வைத்தது. பழுது என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. லேப்டாப் நன்றாக இருந்தது, கன்ட்ரோலர் நன்றாக இருந்தது, சந்தாவும் 3 நாள் முன்புதான் தானாகப் புதுப்பிக்கப்பட்டு, முழு ஆண்டுத் தொகையும் என் கார்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இதே போன்ற சந்தாவை நம்பி வாரந்தோறும் மேடையேறுகிறவர்கள் பலர் இருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

இந்த மென்பொருளை நான் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏறக்குறைய 4 ஆண்டுகளாக அதில்தான் வேலை செய்கிறேன். ஆயிரக்கணக்கான பாடல்களுக்குக் கியூ புள்ளிகள் (பாடலில் உடனே தாவிச் செல்லக் குறித்து வைக்கும் இடங்கள்) வைத்து, தாளம் விழும் இடங்களைக் காட்டும் தாளக் கட்டங்களைக் கையால் திருத்தி, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பட்டியல் பிரித்து வைத்திருக்கிறேன். அந்த உழைப்பு முழுவதும் அதன் தரவுத்தளத்துக்குள் இருப்பதால், வேறொன்றுக்கு மாறுவது வீடு மாறுவதைவிடப் பெரிய வேலை. விற்கும்போது அவர்கள் சொன்ன உறுதிகளில் என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: ஒருமுறை உள்நுழைந்துவிட்டால் இணையம் இல்லாமலும் முழுமையாக இயங்கும் என்பது. அந்த வாக்கியத்தை நான் அப்படியே நம்பினேன்.

அரங்கம் தரைக்குக் கீழே இருந்தது. பிற்பகலில் போய்க் கருவிகளை அமைத்து, அரங்கத்தின் வைஃபையில் லேப்டாப்பை இணைத்து, இரண்டு மணி நேரம் ஒலி சரிபார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. மாலையில் கூட்டம் சேரச் சேர வைஃபை திணறத் தொடங்கியது. கைப்பேசிக்கோ கீழே சிக்னலே கிடைக்கவில்லை. இணையம் இல்லாமலும் இயங்கும் என்ற எண்ணத்தில் நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முதல் ஒரு மணி நேரமும் நல்லபடியாகவே போயிற்று.

பிறகு மின்சாரம் போய், சில நொடிகளில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. லேப்டாப்புக்கு பேட்டரி இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. என் கன்ட்ரோலரோ தனி அடாப்டரில் இயங்குவது. அது அணைந்து மீண்டும் எரிந்தது. பாடலின் ஒலியை லேப்டாப் கணக்கிட்டு யு.எஸ்.பி. வழியாகக் கன்ட்ரோலருக்குள் இருக்கும் சவுண்டு கார்டுக்கு அனுப்புகிறது, அங்கிருந்துதான் அது மிக்ஸருக்கும் ஸ்பீக்கருக்கும் போகிறது. ஆகவே கன்ட்ரோலர் அணைந்தால் அமைதி வருவது இயல்பு. முன்பும் இரண்டு மூன்று முறை எனக்கு இப்படி நேர்ந்ததுண்டு. கருவி திரும்ப எழுந்ததும் மென்பொருள் அதை அடையாளம் கண்டு 10 நொடிக்குள் பாடலைத் தொடர வைக்கும். அந்த 10 நொடிக்காகத்தான் காத்திருந்தேன்.

திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி எழுந்தது. உங்கள் சந்தாவை உறுதிசெய்ய முடியவில்லை, இணையத்தில் இணைந்து மீண்டும் உள்நுழையவும் என்று அதில் எழுதியிருந்தது. அதன் கீழே இரண்டே பொத்தான்கள்: உள்நுழை, வெளியேறு. பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல அதில் வழியே இல்லை. பெட்டிக்குப் பின்னால், மங்கலாக, இரண்டு டெக்குகளிலும் (பாடலை ஏற்றி ஓட்டும் தனித்தனிப் பகுதிகள்) நான் ஏற்றி வைத்திருந்த பாடல்களின் அலைவடிவம் தெரிந்தது. அடுத்து வரவேண்டிய பாடல் கண்ணெதிரே இருந்தும் அதைத் தொட முடியாமல் நின்ற அந்த நிமிடத்தை நான் எளிதில் மறக்கப் போவதில்லை.

உடனே பையிலிருந்த பென்டிரைவை எடுத்து ஒலியமைப்பாளரிடம் கொடுத்தேன். அரங்கத்தின் ரேக்கில் இருந்த பிளேயர் அதைப் படிக்கவில்லை. பெரிய கோப்புகளுக்காக நான் அந்த டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற கோப்புச் சேமிப்பு முறையில் ஃபார்மட் செய்து வைத்திருந்தேன். பழைய பிளேயர்கள் பலவும் ஃபேட்32 என்ற பழைய முறையை மட்டுமே படிக்கும். இது முழுக்க என் தவறு, அதை மறைக்க விரும்பவில்லை. மாற்று ஏற்பாடு வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியிலேயே அதை ஒருமுறையாவது வேறொரு கருவியில் செருகிப் பார்க்காமல் இருந்துவிட்டேன். கடைசியில் ஒலியமைப்பாளர் ஒரு 3.5 மி.மீ. ஆடியோ கேபிளைத் தேடி எடுத்துத் தர, என் கைப்பேசியில் பயிற்சிக்காக வைத்திருந்த ஒரு வாத்திய இசைத் தொகுப்பை ஓடவிட்டோம். அதற்குள் ஏறக்குறைய 3 நிமிட அமைதி கடந்திருந்தது.

மணமகனின் தம்பி ஓடி வந்தார். “அண்ணா, என்ன ஆச்சு? எல்லாரும் வாசல்லயே நிக்கிறாங்க.” அவர்கள் நுழைவுக்கென்று தேர்ந்தெடுத்திருந்த பாடல் என் சொந்தக் கோப்பாக இல்லை, இணைய இசைச் சேவை ஒன்றிலிருந்து மென்பொருளுக்குள்ளேயே பதிவிறக்கி வைத்திருந்தேன். அப்படிப் பதிவிறக்கும் பாடல் லேப்டாப்பில் இருந்தாலும் பூட்டப்பட்ட கோப்பாகவே இருக்கும். உள்நுழைந்த நிலையில், அதே மென்பொருளில் மட்டுமே திறக்கும். சாதாரண பிளேயரில் அதை ஓட்ட முடியாது. ஆகவே லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அந்தத் தம்பியோடு படியேறினேன். வாசலுக்கு அருகே அவர் தன் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை உயர்த்திப் பிடிக்க, மூன்றாவது முயற்சியில் உள்நுழைவு நடந்தது. நான் கீழே இறங்கி வந்து கன்ட்ரோலரை மறுபடி இணைத்தபோது, மின்சாரம் போனதிலிருந்து 11 நிமிடம் ஆகியிருந்தது. மணமக்கள் அதற்குள் காத்திருந்து அலுத்து, அந்த வாத்திய இசைக்கே உள்ளே வந்து அமர்ந்துவிட்டார்கள். அந்த நுழைவைத் திரும்ப நடத்த முடியாது. பேசிய தொகையில் பாதியை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காரணத்தை மறுநாள் என் வீட்டு மேசையில் கண்டுபிடித்தேன். சந்தா புதுப்பிக்கப்பட்ட செய்தி அவர்களுடைய சர்வரில் பதிவாகியிருந்தது. என் லேப்டாப்பில் சேமித்திருந்த உரிமக் கோப்பிலோ பழைய முடிவுத் தேதிதான் இருந்தது. கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் புதிய தேதி கோப்பில் எழுதப்படுகிறது. இணையம் இருக்கும்வரை மென்பொருள் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதால் இந்த முரண்பாடு வெளியே தெரிவதில்லை. இணையம் இல்லாதபோது கோப்பைப் பார்க்கிறது, தேதி முடிந்துவிட்டது என்று முடிவு செய்கிறது. கன்ட்ரோலரைப் புதிதாக இணைக்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை நடக்கிறது. வைஃபையை அணைத்து, பழைய உரிமக் கோப்பைத் திரும்ப வைத்து, கன்ட்ரோலரின் கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். அதே சாம்பல் பெட்டி வந்தது. நான்கு முறை செய்து நான்கு முறையும் வீடியோவாகப் பதிவு செய்தேன்.

அந்த வீடியோக்களையும் கார்டு ரசீதையும் இணைத்து வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். முதல் பதில் தானியங்கி. 3 நாள் கழித்து வந்த இரண்டாவது பதில், பஃபரை 1024 ஆக உயர்த்தி, மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவச் சொன்னது. என் கடிதத்தை அவர்கள் படிக்கவே இல்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்தது. பஃபர் என்பது ஒலியைச் சிறு துண்டுகளாகச் சேர்த்து அனுப்பும் அளவு. நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற கணக்கில் பஃபரை 128 மாதிரிகளாக வைத்தால் சுமார் 3 மில்லிநொடி தாமதம், 1024 வைத்தால் சுமார் 23 மில்லிநொடி. ஒலி சொடுக்குச் சொடுக்கென்று உடைந்தால் அதை உயர்த்துவது சரியான வைத்தியம்தான். உரிமம் பூட்டிக்கொண்டதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஸ்கிராட்ச் செய்கிறவருக்கு (பாடலைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புபவருக்கு) அந்த 23 மில்லிநொடி கையில் உறைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் மறுபடி எழுதினேன். 9ஆம் நாள் வந்த பதிலில், எங்கள் பதிவுகளின்படி உங்கள் சந்தா அன்று செயலில்தான் இருந்தது, ஆகவே எங்கள் தரப்பில் குறை ஏதும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். சந்தா செயலில் இருந்தது என்பதுதானே என் புகாரே. பணத்தைத் திருப்பித் தரக் கேட்டதற்கு, புதுப்பித்த பிறகு மென்பொருள் பயன்படுத்தப்பட்டிருப்பதால் முடியாது என்று மறுத்தார்கள். நான் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுவதுமாகப் படித்தேன். மென்பொருள் உள்ளது உள்ளபடியே வழங்கப்படுகிறது, தடையின்றி இயங்கும் என்பதற்கு உறுதி இல்லை, நிகழ்ச்சி இழப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று அதில் தெளிவாக இருக்கிறது. விளம்பரம் மேடைக்கானது என்று சொல்கிறது, ஒப்பந்தம் மேடையைக் கைகழுவுகிறது. இரண்டையும் எழுதியது ஒரே நிறுவனம் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

இசைச் சேவையின் பாடல்களை நம்புகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2020 ஜூலை 1 முதல் ஸ்பாட்டிஃபை என்ற இணைய இசைச் சேவை டி.ஜே. செயலிகளில் இயங்காமல் போனது பலருக்கு நினைவிருக்கும். அதை வைத்துத் தொகுப்புகள் அமைத்திருந்தவர்கள் அத்தனையையும் வேறிடத்திலிருந்து சேர்க்க வேண்டியதாயிற்று. பிற்பாடு சில டி.ஜே. மென்பொருள்களுக்கு அது திரும்பி வந்தது என்றாலும், வருவதும் போவதும் நம் கையில் இல்லை. அதேபோல 2019இல் மேக் கணினிகளுக்கு வந்த கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பில், பாடல் நூலகச் செயலியான ஐடியூன்ஸ் நீக்கப்பட்டபோது, ஐடியூன்ஸின் எக்ஸ்.எம்.எல். கோப்பு வழியாகப் பாடல் பட்டியலைப் படித்துவந்த டி.ஜே. மென்பொருள்கள் பட்டியலைக் காணாமல் நின்றன. முழு நூலகத்தையும் அந்த வழியிலேயே அமைத்திருந்தவர்கள், அந்தப் பதிப்பை ஏற்றிய ஒரே இரவில் சிக்கிக்கொண்டார்கள்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் குறிப்பிட்டுக் கேட்கும் பாடல் எதுவானாலும் விலை கொடுத்து வாங்கிச் சொந்தக் கோப்பாக வைத்துக்கொள்கிறேன். நுழைவு, முதல் நடனம் போன்ற தருணங்களுக்குப் பூட்டிய கோப்பை இனி ஒருபோதும் நம்ப மாட்டேன். நிகழ்ச்சிக்கு முந்தின இரவு லேப்டாப்பை ஏரோபிளேன் மோடில் போட்டு, கணினியை முழுவதும் அணைத்து எழுப்பி, மென்பொருளைத் திறந்து, பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலரின் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்கிறேன். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் அன்று எனக்கு அந்த நிலை வந்திருக்காது. வெறுமனே இணையத்தைத் துண்டித்துப் பாடலை ஓட்டிப் பார்ப்பது போதாது, ஏனென்றால் அது எனக்கும் அன்று மாலை ஒரு மணி நேரம் ஓடத்தான் செய்தது. கன்ட்ரோலருக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கிவிட்டேன். ஃபேட்32 முறையில் இரண்டு பென்டிரைவ்கள், அன்றைய பட்டியலோடு, பையில் இருக்கின்றன. மிக்ஸரின் ஒரு தனி சேனலில் இரண்டாவது கைப்பேசி எப்போதும் கேபிளோடு செருகியே இருக்கிறது. அந்த சேனலின் ஒலியளவுக் கட்டுப்பாடான ஃபேடரை ஏற்றினால் போதும், இசை வரும். மென்பொருளின் புதிய பதிப்பு எதையும் நிகழ்ச்சி உள்ள வாரத்தில் ஏற்றுவதில்லை. ஏற்றும் முன் நூலகத்தையும் தரவுத்தளத்தையும் நகல் எடுத்து, பழைய பதிப்பின் நிறுவல் கோப்பையும் பத்திரப்படுத்துகிறேன், ஏனென்றால் புதிய பதிப்பு ஒருமுறை மாற்றி எழுதிய தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு திறக்கும் என்று சொல்ல முடியாது.

ஆண்டுச் சந்தா வைத்திருப்பவர்கள் சந்தா புதுப்பிக்கப்படும் தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பணம் எடுக்கப்பட்ட அன்றே கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். கணக்குப் பக்கத்தில் காட்டும் தேதியைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம், இணையத்தைத் துண்டித்து லேப்டாப் என்ன தேதி காட்டுகிறது என்று பாருங்கள். விலக நினைப்பவர்கள் மென்பொருளை நீக்கினால் மட்டும் போதாது, சந்தா தொடர்ந்துகொண்டே இருக்கும். கணக்குப் பக்கத்திலேயே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். நான் நிறுத்திவிட்டேன். கார்டிலிருந்து எடுத்த தொகைக்காகக் கார்டு வழங்கிய வங்கியிலும் வீடியோக்களோடு புகார் கொடுத்திருக்கிறேன். அதன் முடிவு இன்னும் வரவில்லை.