வாடகை லென்ஸ் எடுப்பவர்கள் கவனத்திற்கு: ஸ்கந்தகிரியில் எனக்கு நேர்ந்தது

பெங்களூரில் கேமரா லென்ஸ் வாடகைக்கு எடுக்கிறீர்களா? கடையை விட்டு இறங்குமுன் லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாக உள்ளே பாருங்கள். நான் அதைச் செய்யத் தவறினேன். 9,000 ரூபாய் போயிற்று. பணத்தைவிட, ஒரு வருடமாகக் காத்திருந்த விடியல் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிக்கபள்ளாப்பூர் அருகே உள்ள ஸ்கந்தகிரி மலைக்குத் தனியாக ஏற வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்திருந்தேன். கூட்டத்தோடு போனால் படம் எடுக்க நிதானம் கிடைக்காது. குளிர்காலத்தில் இரவு வானம் தெளிந்து, காற்று அசையாமல் இருந்தால், குளிர்ந்த காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்கிவிடும். விடியும்போது மூடுபனி கீழே கிடக்கும். நாம் அதற்கு மேலே நிற்போம். தொலைவில் நந்தி மலை தீவு போலத் தெரியும். அந்தத் தீவை நெருக்கிப் பிடிக்கத்தான் 100-400 மி.மீ. லென்ஸ் தேடினேன். ஒரு நாள் வாடகை 1,200 ரூபாய், டெபாசிட் 15,000 ரூபாய்.

கடைக்காரர் தமிழர். என் பேச்சைக் கேட்டதும், "எந்த ஊர் தம்பி?" என்றார். வேலூர் என்றேன். தன் மாமனார் ஊர் ஆம்பூர் என்றார். வெளியூரில் பிழைக்கிறவனுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு ஆறுதல் என்று உங்களுக்கே தெரியும். முன்கண்ணாடி பளபளவென்று இருந்தது. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சனி இரவு அல்சூரில் என் வீட்டு பால்கனியிலிருந்து தெருவிளக்கை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். விளக்கைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம். தூக்கக் கலக்கத்தில் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் பாறைகளைப் பிடித்து ஏறி, இடிந்த கோட்டைச் சுவரருகே முக்காலியை ஊன்றினேன். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெண்பனி. கிழக்கு சிவக்கும்வரை படங்கள் சுமாராக வந்தன. ஆறரை மணி வாக்கில் சூரியன் எட்டிப் பார்த்ததும் எல்லாம் கெட்டது. பாலை ஊற்றியது போல் படம் முழுவதும் வெளுத்தது. நந்தி மலையின் விளிம்பே கரைந்துபோயிற்று. குளிரில் கண்ணாடி வேர்த்திருக்கும் என்று துடைத்தேன், காத்திருந்தேன். மாற்றமில்லை. கடைசியில் லென்ஸைக் கழற்றி உள்ளே விளக்கடித்தேன். நடுக்கண்ணாடி ஒன்றில், ஓரத்திலிருந்து மையம் நோக்கி, சிலந்தி நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள் கிளைகிளையாகப் படர்ந்திருந்தன. பூஞ்சை. நேர் வெயில் பட்டதும் அந்த இழைகள் ஒளியைச் சிதறடித்திருக்கின்றன. சூரியன் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. நான் கையில் லென்ஸோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் கடைக்காரரின் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். அன்று மாலை கடையில் நான் புகார் சொல்லி முடிக்குமுன் அவர் என்மீதே பழியைத் திருப்பினார். "மலைப்பனியில் கொண்டுபோய்ப் பூஞ்சை பிடிக்க வைத்திருக்கிறீர்கள் தம்பி. அங்கே என்ன செய்தீர்கள் என்று யாருக்குத் தெரியும்? கூட யாராவது வந்தார்களா?" டெபாசிட்டில் 9,000 ரூபாயைச் சுத்தம் செய்யும் செலவென்று பிடித்துக்கொண்டார். தனியாகப் போனதையே எனக்கு எதிரான சாட்சியாக்கினார்.

ஒரு காலைப் பனியில் பூஞ்சை இப்படிப் படராது. காற்றோட்டமில்லாத, ஈரமான, இருட்டான இடத்தில் லென்ஸ் பல நாள், பல வாரம் கிடந்தால்தான் இவ்வளவு வளரும். முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. இதையெல்லாம் சொன்னேன். பால்கனியில் எடுத்த படத்தையும் காட்டினேன். சனி இரவு 9.40 என்ற நேரம் கோப்பிலேயே பதிந்திருக்கிறது, அதே வெள்ளை வட்டத்தோடு. ரசீதில் என் கையெழுத்தைச் சுட்டிக்காட்டி வாயை அடைத்தார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணமும் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. ரசீது, பணம் அனுப்பிய பதிவு, பால்கனிப் படம், விளக்கடித்து எடுத்த படம் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்களும் லென்ஸை வாங்கும்போதே கடைக்காரர் முன்னிலையில் அதன் உட்புறத்தையும் வரிசை எண்ணையும் படம் எடுத்துவிடுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

போன வாரம் என் அலுவலக நண்பர் அதே கடையில் லென்ஸ் எடுத்துவந்தார். வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 417. என்னிடம் இருந்ததும் அதுதான். உள்ளே விளக்கடித்துப் பார்த்தோம். இழைகள் அப்படியே இருந்தன. இன்னும் கொஞ்சம் மையத்தை நெருங்கியிருந்தன.